வெண்முனைத் தீவின் மக்கள்தொகை

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஆதாரம்’தான். சரிபார்ப்புப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, கட்டுரையாளர்கள் எழுதிக் கொண்டுவருகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் அந்த ஒரே சொல்லை எழுதி, கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றாலும் விடமாட்டார். சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து சேர எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் என்றாலும் விடமாட்டார். விலங்கியல் எழுதுகிறவர் ஒருநாள் கடுப்பாகித் தன் பிறந்த தேதிக்கு ஆதாரமாகத் தாயாரையே நேரில் கூட்டிவந்து நிறுத்தினார். ஆதாரம் அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வேறு யாராவது சாட்சி உண்டா என்று பணிவாகக் கேட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். மழை வரும்போல இருக்கிறது என்று மனைவி சொன்னால், வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துதான் குடையை எடுப்பார். அந்த அம்மாளும் பொறுமைசாலி. ‘உப்பு சரியா இருக்கு, நான் ருசி பார்த்துட்டேன், கரண்டி அங்க இருக்கு, நீங்களும் பார்த்துக்குங்க’ என்று மூச்சுவிடாமல் ஒரே வரியில் சொல்லப் பழகியிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் எழுதினார். அதுவும் அலுவலகம் எழுதச் சொன்ன பொய்.

கலைக்களஞ்சியம் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராப்பகலாகப் பாடுபட்டு நாம் சேர்த்ததைப் போட்டிக்காரர் அப்படியே எடுத்து அச்சடித்துவிட்டு, ‘உண்மை எல்லோருக்கும் பொதுதானே’ என்று கையை விரித்தால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு தொகுதியிலும் வேண்டுமென்றே ஒரு பொய்ப் பதிவைப் புதைத்து வைப்பார்கள். அதன் பெயர் ‘பொறி’. நம் பொய் அவர்கள் புத்தகத்திலும் இருந்தால் எலி மாட்டியது என்று அர்த்தம். எது பொறி என்பது எழுதியவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். எழுதியவர் தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும். தலைமை ஆசிரியர் அதைப் படிக்காமல், ஒட்டின இடத்தில் கையெழுத்து போட்டு இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். கட்டின மனைவியிடம்கூட மூச்சு விடக் கூடாது.

பன்னிரண்டாம் தொகுதியின் பொறி நம்ம ஆளின் தலையில் விழுந்தது. மூன்று நாள் திண்டாடினார். பொய் வரவில்லை. நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்:

‘வெண்முனைத் தீவு: தென்கடலில் உள்ள சிறு தீவு. நடுவில் ஓர் எரிமலை. அடிக்கடி உறுமும், சில சமயம் புகையும், இதுவரை எதையும் கக்கியதில்லை. வடபகுதியில் ஒரு நன்னீர் ஊற்று, கோடையிலும் வற்றுவதில்லை, ஆழம் அளக்கப்படவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்குக் கிழக்கிலிருந்து காற்று வீசும். மக்கள்தொகை: இரண்டு.’

அப்புறம் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். ‘இப்படி ஒரு தீவு கிடையாது, இது என் கற்பனை’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பத்தொன்பது வருடத்தில் பாதியை அப்போதே முடித்திருந்த கை சும்மா இருக்குமா? பொய்யாகவே இருந்தாலும் ஆதாரம் இல்லாமல் விட அவருக்கு மனசு வரவில்லை. எரிமலை என்று எழுதி எதிரே ‘ஆதாரம்’ என்று கோடு போட்டார். கோடு போட்ட பிறகு நிரப்பத்தானே வேண்டும்? எரிமலைக்கு எதிரே, ‘என் மனைவியின் அண்ணன்’ என்று நிரப்பினார். அதோடு நிற்காமல் மற்ற வரிகளுக்கும் ஒவ்வொன்றாக நிரப்பி உறையை ஒட்டினார். உண்மையைச் சொன்ன திருப்தியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

இங்கே அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு விற்கிறவர். ஒரே ஒரு தடவை கப்பலில் போனார், அதுவும் வாந்தி எடுத்தபடி. ஆனால் உலகத்தில் அவர் கால் படாத கரை இல்லை, அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. நெருப்புக்கோழி மண்ணுக்குள் தலையைப் புதைத்துத்தான் தூங்கும் என்பார். திமிங்கிலம் மீன்களுக்கு ராஜா என்பார். தங்கை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா காலமான பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். அண்ணன் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். திமிங்கிலம் மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி என்று ஆதாரம் திருத்தினால், ‘மாப்ளே, நீங்க புத்தகத்துல பார்த்தது, நான் பக்கத்துல பார்த்தது’ என்று ஒரே வரியில் ஆளைச் சாய்த்துவிடுவார்.

பன்னிரண்டாம் தொகுதி அச்சாகி வீட்டுக்கு வந்த வாரம், மைத்துனர் டீ குடித்துக்கொண்டே அதைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“வெண்முனைத் தீவு. அட, இங்க நான் போயிருக்கேன்.”

ஆதாரத்துக்குப் புரையேறியது. மனைவி அவர் தலையில் தட்டிக்கொண்டே, எப்போது அண்ணா போனீர்கள் என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. வருடா வருடம் தீவு வளர்ந்தது. எரிமலை மேல் மைத்துனர் ஏறினார். அடுத்த வருடம் உச்சியில் நின்று எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த வருடம் உள்ளே கொஞ்சம் இறங்கினார். அந்தத் தீவில் இருக்கிற இரண்டு பேரும் அவருக்கு நெருங்கின சிநேகிதர்களானார்கள். ஒரு புருஷன், ஒரு பெண்சாதி. அந்தம்மா தங்கமானவள், கேட்காமலே டீ போட்டுக் கொடுப்பாள். அவன்தான் கொஞ்சம் சிடுமூஞ்சி, எதைச் சொன்னாலும் நம்பமாட்டான், பாவம் அவளும் எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று உச்சுக் கொட்டுவார். உலகத்திலேயே அந்தத் தீவு இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே குடும்பத்தலைவரான ஆதாரம் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்து வருடம் கடித்தார். ஒரு கடைவாய்ப் பல் ஆடவே ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் எலி மாட்டியது. ஒரு புதிய பதிப்பகம் பன்னிரண்டு தொகுதிகளையும் அட்டையை மாற்றித் தன் பெயரில் போட்டது. அதில் வெண்முனைத் தீவு வரி பிசகாமல் இருந்தது. தலைமை ஆசிரியர் நோட்டீஸ் விட்டார். புத்தகத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவர் ஒருவர்முன் விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். மற்ற தொகுதிகளின் பொறிகளை அந்தப் பதிப்பகம் எப்படியோ மோப்பம் பிடித்து எடுத்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது இந்தத் தீவு ஒன்றுதான். அதற்கும் அவர்கள் சளைக்கவில்லை. தீவு உண்மையிலேயே இருக்கிறது, நேரில் பார்த்தவரிடம் கேட்டுத்தான் எழுதினோம் என்று பதில் போட்டுவிட்டு, ‘வெண்முனைத் தீவுக்குப் போய்வந்தவர்கள் தொடர்புகொள்ளவும்’ என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள்.

உலகத்திலேயே ஒரு ஆள்தான் தொடர்புகொண்டார்.

மைத்துனர் அந்த வாரமே தங்கை வீட்டுக்கு வந்து, பூகோள விஷயமாகத் தன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஆதாரம் தட்டைத் தள்ளி வைத்தார். விசாரணை அன்றைக்கு வெளியூர் போனால் நல்லது, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். மைத்துனர் போன பிறகு மனைவி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினார். “எங்க அண்ணனுக்கு ஒரு மரியாதை கிடைச்சா உங்களுக்குப் பொறுக்காதே” என்றார். ஆதாரம் கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார்.

மறுநாள் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போய், உறையைப் பிரிக்காமல் வழக்கை நடத்த முடியாதா என்று கேட்டார். தலைமை ஆசிரியரான அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். உறைதான் நம் கையில் இருக்கிற ஒரே துருப்பு, அது இல்லாவிட்டால் இத்தனை பேருடைய இத்தனை வருட உழைப்பும் அவர்கள் சொத்தாகிவிடும் என்றார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டார். ‘ஆதாரம் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். பிரிக்காவிட்டால் அலுவலகம் போகும்; பிரித்தால் வீடு போகும். பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போவதைவிட, முகம் கொடுத்துப் பேசாமல் அதே வீட்டில் இருப்பாளே, அதுதான் அவருக்குப் பெரிய பயம்.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேலே மின்விசிறி கிரீச்சிட்டது. மனைவி நல்ல உடுப்பு உடுத்தி, அண்ணன் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. எரிமலையில் ஏறினார், இறங்கினார், ஊற்றில் குளித்தார். அந்தப் புருஷன் பெண்சாதியைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடுவர் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தில் தேன் வழிந்தது.

பிறகு நடுவர் உறையைக் கத்தரித்தார். மடித்த தாளைப் பிரித்து, கனைத்துவிட்டு, சத்தமாகப் படித்தார்.

“இப்படி ஒரு தீவு கிடையாது. கீழே உள்ள எல்லாம் நானே உண்டாக்கியவை. எரிமலை: உறுமும், புகையும், எதையும் கக்காது. ஆதாரம்: என் மனைவியின் அண்ணன்.”

பின்வரிசையில் யாரோ கெக்கெக்கே என்று ஆரம்பிக்க, அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. மைத்துனர் நின்றபடியே இருந்தார். பத்து வருடமாகத் தன் தலை மேலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்த விஷயம் அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. காதோரம் சிவந்தது. உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இந்த நாளுக்காகத்தான் ஆதாரம் பத்து வருடம் பல்லைக் கடித்தார்; வந்துவிட்டது. வந்தபோது அவருக்குச் சந்தோஷமே இல்லை. வயசான மனுஷரை நாலு பேர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நடுவர் மேசையைத் தட்டிவிட்டு மேலே படித்தார்.

“ஆறு மணிக் காற்று. ஆதாரம்: எப்போது வருவீர்கள் என்று கேட்டுத் தினமும் அந்நேரத்துக்கு வீட்டிலிருந்து வரும் போன். வற்றாத ஊற்று. ஆதாரம்: என் மனைவி. ஆழத்தை நான் அளந்ததில்லை.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“மக்கள்தொகை. முதலில் ஒன்று என்று எழுதி அடித்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு. ஆதாரம்...” நடுவர் நிறுத்தி, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “ஆதாரம்: நான் மட்டும் தனியாகப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் இல்லாமல் அங்கே எனக்கு என்ன வேலை?”

மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். வழக்கு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆதாரம் ஒருவழியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் சாய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

ஆதாரம் எழுந்தார். “மச்சான், என்னை மன்னிச்சுடுங்க” என்றார். “எழுதினது தப்பு.”

நடுவர் சாட்சியைப் பார்த்து, தீவும் இல்லை, எரிமலையும் இல்லை என்று ஆகிவிட்டது, அங்கே இரண்டு பேரைப் பார்த்துப் பேசியதாகச் சொன்னீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

மைத்துனர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். தங்கையைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அதானேங்க” என்றார். “அந்த ரெண்டு பேரும் எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு நான் அப்பவே நினைச்சேன்.”

முதலில் சிரித்தது அவர் தங்கைதான்.