மூன்று விரலும் நான்கு எண்ணிக்கையும்

தங்கை ரோசலினின் கல்யாணப் பூசைக்குத் தானே கீபோர்டு வாசிக்க வேண்டும் என்பது நான்சியின் ஆசை. ஆனால் அகரத்துச் சாலையில் ஸ்கூட்டி சறுக்கியதில் வலது கைக்கு மாவுக்கட்டு. இடது கையால் மூன்று கட்டைகளை அமுக்கிப் பிடித்தால் போதும், மீதியைக் கீபோர்டில் உள்ள 'ஆர்பெஜியோ' வசதி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒத்திகைக்கு வந்திருந்தாள். அமுக்கிய சுரங்களை அது ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடவிடும்.

பாட்டு இரண்டாம் வரியிலேயே தடுமாறியது.

"ஏத்தா, பெட்டி ஒரு பக்கம் ஓடுது, நாங்க ஒரு பக்கம் ஓடுறோம். எங்க போய்ச் சேர?" என்றார் பாடகர் ராயப்பராஜ்.

"இன்னொரு தடவ பாப்போம். சரிவரலைன்னா நாளைக்குப் பென் டிரைவ்ல பாட்டப் போட்டுருவோம்மா," என்றார் கோவில் பாடகர் குழுத் தலைவர் பிரான்சிஸ்.

நான்சி கட்டைகளைப் பிடித்தபடி கீபோர்டை மட்டும் உற்றுக் கேட்டாள். 'அப்' வகையில் அது கீழிருந்து மேலே ஏறியது: சி, ஈ, ஜி. உச்சியைத் தொட்டதும் மறுபடி சி. மொத்தம் மூன்றே அடி. பாட்டுக்கோ நான்கு எண்ணிக்கை. அதனால்தான் சி ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணிக்கை முந்திக்கொண்டு வந்து, பாடுகிறவர்களையும் இழுத்துக்கொண்டு போனது.

'அப்-டவுன்' வகைக்கு மாற்றினாள். இப்போது இறங்கும் வழியில் நடுச்சுரத்தை இன்னொரு முறை தொட்டது: சி, ஈ, ஜி, ஈ. சரியாக நான்கு.

"இப்பப் பாடுங்கண்ணே."

பாட்டு கடைசி வரிவரை வழுக்காமல் போனது.

"ஒம்பதுக்குப் பூச, எட்டுக்கே வந்துரு," என்றார் பிரான்சிஸ். "அந்தக் கட்டுக்கு மேல சேலைய இழுத்து விட்டுக்கத்தா, போட்டோவுல விழும்."