ஒரு பக்கம் மட்டும் பூசிய சுவர்

1

வலது தோள்பட்டை வலிக்கிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கழுத்துவரை சுண்டி இழுக்கிறது. பூச்சு வேலை பார்க்கிறவனுக்கு வருகிற வலிதான். கலவையை அள்ளி அள்ளிச் சுவரில் எறிந்த கைக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பதால் எழுதுகிறேன். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கீழக்கரையில் அன்று காலை கடல் அலையே இல்லாமல்

(நிறுத்திவிட்டேன். அந்த வீட்டிலிருந்து கடல் தெரியாது. மொட்டைமாடிக்குப் போனாலும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.)

அடுத்து:

அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பியது, அதன் பிறகு

(இதுவும் வேண்டாம். படிக்கிற உங்களுக்கு உடனே சண்டை ஞாபகம் வரும். சண்டையெல்லாம் இல்லை. நான் சொல்வது சிமெண்டும் கல்தூளும் சேர்ந்த சுவர்.)

சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

2

கீழக்கரையில் பல முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இரண்டு பெண்கள் என்றால் வீட்டை இரண்டாக்கிக் கொடுப்பார்கள். மெஹருன்னிசாவுக்கும் ருக்ஸானாவுக்கும் அவர்களுடைய வாப்பா அப்படித்தான் கொடுத்தார். கூடத்துக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் கல்லில் ஒரு சுவர். கட்டியது நான் இல்லை. கட்டியவன் பூசாமல் போய்விட்டான்.

பொதுச்சுவரில் அவரவர் பக்கத்தை அவரவர் பூசிக்கொள்வது வழக்கம். ஆனால் அக்காள் முந்திப் பூசினால் தங்கை, "லாத்தா நம்மள அடைச்சுட்டா" என்று அக்காளைப் பற்றி நினைக்கலாம். தங்கை முந்தினால் அக்காள் நினைக்கலாம். ஆகவே இரண்டு பேருமே பூசவில்லை. பூசாத சுவரோடு இருவரும் பிள்ளை வளர்த்தார்கள், மருந்து சாப்பிடும் வயதுக்கும் வந்தார்கள். மெஹருன்னிசா விதவை. மகன்கள் கத்தாரில். தனியாகத்தான் இருக்கிறார். ருக்ஸானாவின் கணவர் ஹமீது சுல்தானும் வெளிநாட்டில்தான். வீட்டில் ருக்ஸானாவும் மகள் மாஷிதாவும்.

(கல்லைப் பற்றி ஒரு குறிப்பு. அவசரம் இருந்தால் தாண்டிப் போங்கள். என் அம்மா பிளாக் போடும் களத்தில் கல் சுமந்தவள். சிமெண்டைக் குறைத்து அடித்த கல் பொரி உருண்டை மாதிரி இருக்கும், உள்ளே பூராவும் பொடி ஓட்டை. ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் தூசி பறக்கும். சின்ன வயதில் அங்கே நான் ஊதி விளையாடியிருக்கிறேன். அப்படி ஊதியவன் பின்னால் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.)

3

அந்தச் சுவர் வழியாக எல்லாம் போகும். வெள்ளிக்கிழமை மெஹருன்னிசா சாம்பிராணி போட்டால் ருக்ஸானா வீட்டில் மணக்கும். ருக்ஸானா மீன் பொரித்தால், என்ன மீன் என்று அக்காள் அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவார். பேச்சும் அப்படியே. குரலை உயர்த்த வேண்டாம். உப்பு கேட்பார்கள், மாத்திரை போட்டாச்சா என்று கேட்பார்கள், ஊரில் ஒருவரைப் பற்றிப் பாதி சொல்லிவிட்டு மீதியைத் துணி காயப்போட்டு வந்து சொல்வார்கள்.

மெஹருன்னிசாவுக்குச் சர்க்கரை நோய். போன வருசம் ஒரு தடவை திடீரென்று சர்க்கரை இறங்கி, எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தபடி "ருக்கு" என்று ஒரே ஒரு முறை முனகியிருக்கிறார். தங்கை காதில் விழுந்தது. சீனித் தண்ணீரோடு ஓடினாள். அந்தக் குடும்பத்தில் இது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையில் பயப்பட வேண்டியதும் அது ஒன்றுதான். கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

4

மாஷிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சஃபீர் அந்த வீட்டுக்கு வந்து இருக்கப்போகிறார். மணமக்களுக்கு ஒதுக்கிய அறையின் ஒரு பக்கம் அந்தச் சுவர்தான்.

(சஃபீரைக் கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். "சுவரப் பூசுனாத்தான் வருவேன்" என்று அவனைச் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. நான் அவரைப் பார்த்ததே இரண்டு தடவை. இரண்டு தடவையும் என்னிடம் டீ குடித்தீர்களா என்று கேட்டார்.)

கேட்டது மாஷிதா. பூச்சுக்கு அளவெடுக்கப் போன என்னிடம், அவள் உம்மாவும் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்:

"கூத்தையாண்ணே, அவுக இங்கன தும்முவாக. அந்தப் பக்கத்துலேருந்து பெரியும்மா 'யர்ஹமுகல்லாஹ்'ங்கும். பெறகு நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

அவள் முடிக்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெஹருன்னிசா சிரித்தார். "தும்முனா துஆ சொல்லாம வேற என்னடி சொல்லுவாக?"

தும்மியவருக்கு அல்லாஹ் கருணை காட்டட்டும் என்று வேண்டுவதுதான் அந்த துஆ. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஷிதா மட்டும் சிரிக்காமல் கையால் சுவரைக் காட்டி என்னைப் பார்த்தாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. இதை எழுதும்போது மூன்று முறை அவளைப் பிடிவாதக்காரியாக்கப் பார்த்தேன், முடியவில்லை. புதுப்பெண்ணுக்குச் சத்தம் போகாத ஒரு சுவர் வேண்டும்.

ருக்ஸானாதான் வழி சொன்னாள். நம்ம பக்கம் மட்டும் பூசுவோம், லாத்தா பக்கம் கல்லாவே இருக்கட்டும். நம்ம சத்தம் அங்கே போகாது, லாத்தா சத்தம் இங்கே வரும்.

மாஷிதாவுக்கு அது சரியாகப்பட்டது. அந்தப் பக்கமிருந்து மெஹருன்னிசாவும் சரி என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

இவ்வளவு காலம் பூச்சு வேலை பார்த்த நான் தலையை ஆட்டினேன். பூச்சு என்றால் அது பூசின பக்கத்துக்கே சொந்தம் என்றே எங்கள் தொழிலில் பழக்கம். யார் பக்கம் பூசுகிறோமோ அவர் வீடு அழகாகும், அவர் வீட்டுச் சத்தம் அடங்கும் என்று ஒரு நினைப்பு. நான்கு பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

5

பூசினேன். சுவரை நனைத்து, கலவை எறிந்து, மட்டப்பலகை இழுத்து, கடைசியில் சிமெண்டுப் பால் தேய்த்து வழவழப்பாக்கினேன். காய்ந்ததும் மாஷிதா உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரில் காதை வைத்தாள். முகம் மலர்ந்தது.

அதற்குப் பின் நடந்ததை எனக்கு அக்காளும் தங்கையும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

மெஹருன்னிசா மறுநாள் உப்பு கேட்டிருக்கிறார். பதில் இல்லை. கல்யாண வேலை, கவனித்திருக்க மாட்டாள் என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. பூசினதும் தங்கைக்குப் பவுசு வந்துவிட்டது என்று நினைத்து, கேட்பதை நிறுத்திக்கொண்டார். இந்தப் பக்கம் ருக்ஸானாவுக்கு, நாம் பூசியது லாத்தாவுக்கு மனத்தாங்கல், அதுதான் சத்தத்தையே காணோம் என்று எண்ணம். வாசல் வழியாகப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் வாசல் வழியாகப் போய்ப் பேசி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. வாசல் வழியாகப் போனால் விருந்தாளி.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணக்கவில்லை. லாத்தா சாம்பிராணி போடுவதையும் விட்டுவிட்டாள் என்று ருக்ஸானா மகளிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள்.

(வாசம் வரும் வழிதான் சத்தமும் வரும் வழி. கல்லுக்குள் இருக்கிற பொடி ஓட்டைகள்தான் பாதை. பாதையை எந்த முனையில் அடைத்தாலும் அடைபட்டதுதான். ஒரு பக்கம் பூசிவிட்டால் மறுபக்கம் கல்லாக இருந்தும் பிரயோசனம் இல்லை. குழாயில் ஒரு மூடி போதும். இப்போது விளக்கமாக எழுதுகிறேன். அன்றைக்குத் தலையைத்தான் ஆட்டினேன்.)

6

மெஹருன்னிசா வீட்டு அடுப்படி மேடையில் பூச்சு பெயர்ந்திருந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் வந்து கொத்தி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ருக்ஸானாவுக்கும் அது தெரியும்.

அன்றைக்கு மெஹருன்னிசா நோன்பு. கடமையான நோன்பு அல்ல, அவராக வைக்கிற வியாழக்கிழமை நோன்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, சோறு இறங்காமல் ஒரு வாழைப்பழத்தோடு முடித்துவிட்டார்.

நான் வருகிற முதுகுளத்தூர் பஸ் அன்று பிந்திவிட்டது. என் சுத்தியலும் உளியும் ருக்ஸானா வீட்டு வாசலோரம் கிடந்தன. அவற்றை எடுக்க அங்கே போய் நின்றேன். உள்ளே சுவரில் டொக், டொக் என்று மெதுவாகத் தட்டும் சத்தம். ருக்ஸானா துணி மடித்தபடி கதவுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"நீங்க இங்கன நிக்கிறீகளே. அப்ப அங்கன கொத்துறது யாரு?"

(குரலை அடைத்த பூச்சு தட்டலை அடைக்காது. கல்லில் விழுந்த அடி கல் வழியே வந்துவிடும். ஆனால் அது யாருடைய அடி என்று கல் சொல்லாது. கொஞ்ச நேரமாகவே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். கூத்தையா வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து, தேநீர் போட்டு வைத்திருக்கிறாள்.)

துணி கீழே விழுந்தது. எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

மெஹருன்னிசா சுவரை ஒட்டித் தரையில் கிடந்தார். கையில் இஞ்சி இடிக்கிற சின்ன இரும்புலக்கை. உடம்பெல்லாம் வேர்வை. கண் திறந்திருந்தும் எங்களைத் தெரியவில்லை. மாஷிதா சீனித் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் உதட்டில் தடவி, விழுங்குகிறார் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் பார்வை நிலைக்கு வந்தது. ஆள் அடையாளம் தெரிந்ததும் சொன்ன முதல் பேச்சு:

"நோன்ப முறிச்சுப்புட்டீகளேடி."

ருக்ஸானா அழுதாள். "எத்தன தடவ லாத்தா கூப்பிட்டிய?"

"நீ கோவமா இருக்கேன்னு முதல்ல கூப்பிடல," என்றார் மெஹருன்னிசா. "பெறகு கூப்பிட்டேன்."

7

இந்த இடத்தில் கதையை எழுதத் தெரிந்தவர்கள் மெஹருன்னிசாவைச் சாகடித்திருப்பார்கள். நானும் யோசித்தேன்.

முதல் முடிவு: பஸ் இன்னும் பிந்துகிறது. சத்தம் தானாக நிற்கிறது. வேலை முடிந்தது என்று ருக்ஸானா

(மாட்டேன். அந்த அம்மா கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.)

இரண்டாம் முடிவு: அழைப்பு மணி. சுவரில் ஒரு பித்தானை வைத்தால் தீர்ந்தது. நான் சொன்னேன். மெஹருன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை. மணியடித்துக் கூப்பிட நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன் என்று கேட்டார். தவிர, விழுகிற ஆள் பித்தான் இருக்கும் இடம் பார்த்து விழுவதில்லை.

மூன்றாம் முடிவு: பூச்சு முழுவதையும் உதிர்த்துவிட்டுப் பழையபடி ஆக்குவது. ருக்ஸானா இதற்குத் தயாராக இருந்தாள். மாஷிதா சீனித் தண்ணீர் தம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவள் போனதைப் பார்த்து மெஹருன்னிசாதான் வேண்டாம் என்றார்.

நடந்தது இது. மெஹருன்னிசா படுக்கிற இடத்துக்கு நேரே, தரையை ஒட்டி, ருக்ஸானா பக்கத்தில் இரண்டு கல் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தேன். பொடி ஓட்டை தெரிந்தது. மாஷிதா குனிந்து வாயை வைத்து ஊதினாள். அந்தப் பக்கமிருந்து, "தூசியக் கெளப்பாதடி," என்று வந்தது. அவ்வளவு தெளிவாக.

ஒரு சுவரில் சின்ன இடம் திறந்திருந்தால் மீதி இடத்துக்குப் பூசியதில் பாதி வீண். மாஷிதா நிமிர்ந்தாள்.

"பெரியும்மா மகன் லீவுல வந்து, கூட இருக்க ஆள் வைக்கிற வரைக்கும் இப்படி இருக்கட்டும். என் நிக்காஹ்வுக்கு முந்தி பூசித் தந்துரணும் கூத்தையாண்ணே. வாக்கு."

"தாரேன்மா," என்றேன்.

8

நிக்காஹ் முடிந்துவிட்டது. மகன் லீவு தள்ளிப்போனது, ஆள் இன்னும் வைக்கவில்லை. சஃபீர் அந்த அறையில்தான் இருக்கிறார். அந்த இரண்டு கல்லுக்கு முன்னால் மாஷிதா ஒரு டிரங்குப் பெட்டியை நகர்த்தி வைத்திருப்பதாகக் கேள்வி. பெட்டி சத்தத்தை அடைக்காது. அது அவளுக்குத் தெரியும். பூசித் தரச் சொல்லி இரண்டு முறை போன் செய்தாள். தோள் வலி என்று சொன்னேன்.

தோள் வலி உண்மைதான். ஆனால் தரையை ஒட்டிய இரண்டு கல்லைப் பூசத் தோள் வேண்டாம், மணிக்கட்டு போதும். அதுவும் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். காலை நேரம். சஃபீர் அந்த அறையில் தும்முகிறார். அந்தப் பக்கமிருந்து துஆ வருகிறதா, வந்தால் மாஷிதா எரிச்சல்படுகிறாளா, இல்லை பெரியும்மா எழுந்துவிட்டாள் என்று மனசுக்குள் மூச்சு விடுகிறாளா, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் என் கணக்கு மாறாது.

இரண்டு கல் அகலத்துக்குப் பூச்சு, மாஷிதாவுக்கு நான் இன்னும் பாக்கி.