தலைப்பு வெட்டிய பத்திகள்

அக்காவின் ஆய்வுக் கட்டுரையில் பழைய தேடல் முறைக்கு நூற்றுக்கு 38.2 சரி என்று போட்டிருந்தது. தங்கை இவள் கணினியில் ஓட்டியபோதும் 38.2தான் வந்தது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள்.

அலுவலகம் கொடுத்த வேலை அவ்வளவுதான். மூன்று வருடங்களுக்கு முன் அக்கா செய்த சோதனையை அப்படியே மறுபடி செய்து, அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கேள்வியில் உள்ள சொற்களையே மருத்துவப் பத்திகளில் தேடுவது பழைய முறை. பொருளைப் புரிந்துகொண்டு தேடும் புதிய முறை அக்காவுடையது; அதற்கு 57. நடுவிலிருந்த ஏறத்தாழ பத்தொன்பது புள்ளிகளின் மேல்தான் அக்காவின் பதவி உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து ஒரு மருத்துவமனையின் விஷமுறிவு உதவி எண்ணில் புதிய முறை ஓடப்போகிறது. நர்ஸ் கேள்வியைத் தட்டினால் உரிய பத்தியை எடுத்துக் கொடுக்கும்.

எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம். சும்மா பார்ப்போமே என்று, பழைய முறை கோட்டைவிட்ட பத்தி ஒன்றைத் திறந்தாள். 'இம்மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டால்' என்று தொடங்கியது. எம்மருந்தை? பெயர் தலைப்பில் மட்டுமே இருந்தது. புதிய முறைக்குத் தலைப்புகளைக் கொடுத்துவிட்டு, பழையதற்கு மட்டும் வெட்டியிருந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டுப் பந்தயம் ஓடச் சொன்ன மாதிரி.

பழைய முறைக்கும் தலைப்புகளைச் சேர்த்து ஓட்டினாள். 61.4.

இரண்டாம் தடவையும் அதே. இரண்டு முறைகளின் விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அரிதான மருந்துப் பெயர் வந்த பதினான்கு கேள்விகளில், புதிய முறை அதே சாயலுள்ள வேறொரு மருந்துக்கான முறிவுப் பத்தியைக் கொண்டுவந்திருந்தது. கொஞ்சமும் தயங்காமல்.

அலுவலக மாடியிலிருந்த தன் அறையிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். பிரிவுத் தலைவருக்குத் 'தசமம்' என்று பட்டம் வைத்தவள் அவள்தான்.

"என்னடி, ஒத்துப்போச்சா? தசமம் தவிச்சுட்டிருக்கார். புள்ளிக்கப்புறம் ரெண்டு இலக்கம் பாக்கலன்னா மனுஷனுக்குத் தூக்கம் வராது."

"ஒத்துப்போச்சுக்கா."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க?"

அவள் திரையைத் திருப்பினாள். அதில் 61.4 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. அது என்ன எண் என்று அக்கா கேட்கவில்லை.

"தலைப்பையும் சேர்த்துட்டியா?" என்றாள்.

அவள் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"அப்படியே செய்னுதான சொன்னாங்க? செஞ்சாச்சு. ஒத்துப்போச்சு. அதுக்கு மேல தோண்ட உனக்கு யாரு சம்பளம் கொடுத்தா?" அக்கா அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது ஒதுக்கிய அதே விரல்கள். அடிப்பாள் என்று நினைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: எண்கள் ஒத்துப்போகின்றனவா? 'ஆம்' என்று தட்டினாள். அதில் பொய் இல்லை. பொய் இல்லை என்பதை மூன்று நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை, உதவி எண்ணுக்கு வரும் கேள்விகள் அவள் திரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. சோப்புத் தண்ணீர். எறும்பு மருந்து. ஒவ்வொன்றையும் தன் பதினான்கோடு ஒப்பிட்டுப் பார்த்து மூச்சு விட்டாள். மதியத்துக்குள் இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவதில் அந்தப் பதினான்கில் இருந்த ஒரு மாத்திரையின் பெயர், பிறகு 'குழந்தை, இரண்டு வயது'. கீழே விடை வந்துவிட்டிருந்தது: தவறான பத்தி.

நாற்காலி பின்னால் சாய எழுந்து, ஃபோனை எடுத்து உதவி எண்ணை அழுத்தினாள். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாகப் பதிவுசெய்த ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது.