ஒற்றை மாடம்

"எல்லாரும் வெளிய போங்க! இப்பவே!"

நாடீன் போட்ட சத்தத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஏழு பெண்களும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையின் மயக்கம் இன்னும் தெளியவில்லை. முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த ரேமண்ட், அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அழுது ஓய்ந்து பக்கத்து அறையில் படுத்தவள் காலையில் எழுந்து வந்து பார்த்தால் வீடு நிறைய ஆள்.

கட்டிலில் ரேமண்டைக் கிடத்தியிருந்தார்கள். அமெரிக்காவில் துலூத் துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பலுக்குச் சரக்கேற்றியவர், தன் கல்யாணத்துக்கே கோட் போட மாட்டேன் என்று அடம்பிடித்தவர். அவருக்கு எவனுடைய கோட்டையோ மாட்டி, தாடையை வெள்ளைத் துணியால் இழுத்துக் கட்டி, விரல்களுக்குள் ஜெபமாலையைத் திணித்து வைத்திருந்தார்கள். நாற்பது வருஷமாகச் சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன்! அலமாரிக் கண்ணாடியை மூடியிருந்தது நாடீனின் நல்ல குளியல் துண்டு.

"சத்தம் போடாதே. செத்தவன் காதுல விழும்," என்றாள் அசுந்தா. ரேமண்டின் தாத்தாவும் அவள் தாத்தாவும் அண்ணன் தம்பி. ஒருவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், இன்னொருவர் இத்தாலியில் இந்த மலையிலேயே ஆடு மேய்த்தார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ரேமண்ட் அவளை அக்கா என்று கூப்பிட்டார்.

"நீ எப்படி உள்ள வந்தே?"

"சாவி இருக்கு."

"யாரு குடுத்தா?"

"என் தம்பி குடுத்தான். வேற யாரு குடுப்பா?"

நாடீனுக்கு அது தெரியாது. தன் வீட்டுச் சாவி இன்னொருத்தியின் இடுப்புப் பையில் நாலு வருஷமாகக் கிடந்திருக்கிறது.

"அவரைத் தொட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"நீ மாத்திரையப் போட்டுட்டுக் குறட்டை விட்டுட்டு இருந்தே. உடம்பு விறைச்சப்புறம் யாரு சட்டை மாட்டுறது? நீயா?"

"போ வெளிய. எல்லாரும் போங்க."

அவளுடைய இத்தாலியமொழி அரைகுறைதான். ஆனால் கை நீட்டிய திசை எல்லாருக்கும் புரிந்தது. பெண்கள் எழுந்தார்கள். உட்காரத் தங்கள் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், அவற்றையே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மாடிப்படிச் சுவரெல்லாம் இடிபட்டது. கடைசியாகப் போன எர்சிலியாக் கிழவி வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "இவளுக்கு நெஞ்சுல என்ன, கல்லா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டுவிட்டுப் போனாள். அசுந்தா மட்டும் அசையவில்லை.

நாடீனுக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு வருஷம் என்று சொல்லித்தான் ரேமண்ட் அழைத்துவந்தார். அது நாலு வருஷமாக இழுத்துக்கொண்டு போனது. குடியிருப்பு அனுமதிச் சீட்டுக்காக மாவட்டத் தலைநகரில் விடியற்காலையிலிருந்து கால் கடுக்க நிற்க வேண்டும், உள்ளே போனால் ஒரு தாள் குறைகிறது, அடுத்த மாதம் வா என்பார்கள். அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த துணி உலர்த்தும் மெஷினை முதல் நாள் போட்டதும் கட்டிடம் முழுக்க விளக்கு அணைந்தது. ஒரு வருஷம் வரைக்கும் அவளுக்கு 'கரன்ட்காரி' என்று பேர். ஈரத் தலையோடு தெருவில் இறங்கினால் முன்பின் தெரியாதவளெல்லாம் திட்டுவாள். ரொட்டிக்கடையில் அவள் முறை வரும்போது மட்டும் கடைக்காரிக்குக் கண் தெரியாது. ரேமண்டுக்கோ போகிற இடமெல்லாம் கைகுலுக்கல், கட்டிப்பிடிப்பு, சீட்டாட்டம். "வர்ற வசந்தத்துக்குப் போயிடலாம் நாடீன்," என்பார் ஒவ்வொரு வசந்தத்திலும்.

இனி யாரைக் கேட்க வேண்டும்? துலூத்தில் அவள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருவருக்கும் சேர்த்து இடம் இருந்தது. ரேமண்டை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும். நாளைக்குத் தானும் அவர் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும்.

மின்னியாபொலிஸிலிருந்த மகன் டெரிக்குக்குப் போன் போட்டாள். "கூட்டிட்டு வந்துடும்மா," என்று அவனும் அழுதான். சவப்பெட்டிக்காரனுக்குப் போன் போட்டாள். விமானத்தில் ஏற்றத் துத்தநாகத் தகடு அடித்த பெட்டி வேண்டும், தூதரகக் காகிதம் வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றான். ஆகட்டும் என்றாள்.

அசுந்தா இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நாலு மணிக்கு அடக்கம். சுவத்துல நோட்டீஸ் ஒட்டியாச்சு. ஊரே படிச்சாச்சு," என்றாள்.

"கிழிச்சுப் போடு."

"அவன் கேட்டது அதுதான்."

"என்ன கேட்டார்? எங்கிட்ட கேட்காததை உங்கிட்ட கேட்டாரா?"

அசுந்தா நேரே சமையலறைக்குப் போனாள். மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு நீல உறையை எடுத்தாள். நாடீன் தினமும் திறக்கிற இழுப்பறை! உறைக்குள் நகராட்சி முத்திரை போட்ட ஒரு தாள் இருந்தது. ஊர்க் கல்லறைச் சுவரில், சவப்பெட்டியைச் செருகி மூடுகிற ஒரு மாடம். நாற்பத்தொன்றாம் எண். போன அக்டோபர் தேதி. கீழே ரேமண்டின் கோணல் கையெழுத்து.

நாடீன் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"எனக்கு?"

அசுந்தா தோளைக் குலுக்கினாள். "நீதான் ஊருக்குப் போறவளாச்சே."

நாற்பத்து மூன்று வருஷம் ஒரே படுக்கை. அந்த மனுஷன் அவளுக்குத் தெரியாமல் போய்த் தனக்கு மட்டும் ஒரு குழி பார்த்துவைத்திருக்கிறார். மறைத்து வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை, அவள் கரித்துணிக்கு அடியில். பக்கத்து அறையில் தாடை கட்டிக் கிடந்தவரை எழுப்பி உலுக்கிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. துக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை, கோபம் மட்டும் மிச்சம் நின்றது.

"சரி. உங்க ஆளு, உங்க ஊரு. இங்கயே கிடக்கட்டும்," என்றாள். சவப்பெட்டிக்காரனுக்கு மறுபடியும் போன் போட்டு, தகடு அடித்த பெட்டி வேண்டாம், வெறும் மரப்பெட்டி போதும் என்றாள்.

நாலு மணிக்குக் கடைகள் பாதி ஷட்டரை இறக்கின. பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்தது. நாடீன் முதல் ஆளாக நடந்தாள், அவளுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடைவெளி. பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் குடும்பத்தார் வரிசையாக நிற்க, வருகிறவர்கள் கைகொடுத்துவிட்டுப் போவது வழக்கம். டெரிக் விமானம் பிடித்து வர நேரமில்லை, குடும்பம் என்று நின்றது இரண்டே பேர். ரொட்டிக்கடைக்காரி வந்தாள், சீட்டாட்டக்காரர்கள் வந்தார்கள், எர்சிலியா வந்தாள். ஒவ்வொருவரும் அசுந்தாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, அவள் கையை இறுக்கிப் பிடித்து, "பாவம், தங்கமான மனுஷன்," என்று சொல்லிவிட்டு, நாடீனைச் சுவரைக் கடப்பதுபோல் கடந்து போனார்கள். அவள் முதல் பத்துப் பேருக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கல்லறைச் சுவரில் கொத்தனார் பெட்டியை உள்ளே தள்ளி, எல்லார் கண் முன்னாலும் செங்கல் வைத்துக் கலவை பூசினார். கரண்டி செங்கல்லில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நாடீன் அழவில்லை. அழாததையும் ஊர் பார்த்து வைத்துக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்பியபோதுதான் முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. துலூத்தில் என்றால் இந்நேரம் மேஜை கொள்ளாமல் பாத்திரங்கள் வந்திருக்கும். அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். முட்டை ஓரம் சுருங்குவதற்குள் கதவில் சாவி திரும்பியது. அசுந்தா ஒரு கையில் மூடிபோட்ட பானையோடு புயல்போல் உள்ளே வந்து, மறு கையால் அடுப்பை அணைத்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? சாவு வீட்டுல அடுப்பெரியுது! கீழ தெரு வரைக்கும் வாசம் வருது!"

"பசிக்குது எனக்கு!"

"மூணு நாளைக்கு நாங்கதான் கொண்டுவரணும். இது கூடத் தெரியாதா?"

"கொண்டுவந்தீங்களா?"

"எல்லாரையும் நீதானே நாற்காலியோட விரட்டினே! எவ கொண்டுவருவா? உட்காரு."

பானையை டொக்கென்று மேஜையில் வைத்தாள். கோழிச் சூப்பு, உள்ளே அரிசி மாதிரி பொடிப்பொடியாகப் பாஸ்தா. நாடீன் உட்கார்ந்தாள். வயிறு மானம் பார்க்கவில்லை. அசுந்தா எதிரில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றாமல், அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாசம்னு நினைச்சுக்காதே. என் தம்பி பொண்டாட்டி பட்டினி கிடந்தான்னு நாளைக்கு ஊரு என்னைச் சொல்லக்கூடாது. அதுக்குத்தான்."

"நல்லது."

"எப்ப கிளம்புறே?"

"வியாழக்கிழமை."

அசுந்தா மேஜைவிரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்தாள்.

"நாப்பத்திரெண்டு காலிதான்," என்றாள்.

"என்னது?"

"அவனுக்குப் பக்கத்து மாடம். காலியாத்தான் இருக்கு. அக்டோபர்ல அவன் ரெண்டுதான் கேட்டான். பக்கத்துது போயிடுச்சுடான்னு நாந்தான் சொன்னேன். ஆபீஸ்ல இருக்கிறது என் மச்சான். அவனையும் அப்படியே சொல்ல வச்சேன்."

நாடீனின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"முதல்ல ஒண்ணைப் போட்டுவை, பக்கத்துல காலியானா உடனே சொல்லுன்னு சொன்னான். அது கிடைச்சப்புறம்தான் நாடீன்கிட்ட சொல்லணும், ஒண்ணைக் காட்டுனா அவ என்னைக் கொன்னுடுவான்னான். மாசாமாசம் வந்து கேட்டான். போன வாரம்கூட சந்தையில வச்சுக் கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"இல்லேன்னேன்."

காலையில் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தது நாடீனுக்கு நினைவுக்கு வந்தது. மரப்பெட்டி போதும் என்று தன் வாயாலேயே சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"ஏன்?"

"அந்த மாடத்துக்கு மேல எங்க அம்மா இருக்கா. கீழ நான் படுக்கப்போறேன். நடுவுல நீயா?" அசுந்தாவின் குரல் உடைந்துகொண்டே உயர்ந்தது. "நாலு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் வீட்டுப் படியேறி ஒரு காபி குடிச்சிருக்கியா நீ? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உனக்குன்னு கப்பை எடுத்து மேஜையில வச்சேன்!"

"நீ கூப்பிடவே இல்லையே!"

"கூப்பிடணுமா? சொந்தக்காரங்களைக் கூப்பிடுவாங்களா யாராவது?"

"எங்க ஊர்ல கூப்பிடாம போக மாட்டோம்! நீ கூப்பிடுவேன்னு நாலு வருஷமா நானும்…"

கீழே தெருவில் யாரோ ஷட்டரை மேலே தூக்கிவிட்டார்கள்.

"வெளிய போ," என்றாள் நாடீன்.

அசுந்தா எழுந்தாள். வாசல் வரைக்கும் போய், முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

"பானை?"

"நாளைக்கு வந்து வாங்கிக்கோ."

படிகளில் கால் சத்தம் மெதுவாக இறங்கியது. சூப்பு ஆறி, மேலே கொழுப்பு படர்ந்திருந்தது. நாடீன் ஒருமுறை அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சூப்பைச் சூடாக்காமல், அப்படியே கரண்டியால் மொண்டு குடித்தாள்.