அவர் தப்பாக அடிக்கும் சொற்கள்

...ஊதா, அதுவும் கத்திரிப்பூ ஊதா, அதை ஒட்டிக் கடல்பச்சை, கடைசியில் மஞ்சளாக ஒரு குட்டி மீன், மீனின் வாய்க்கு முன்னால் கர்சர் துடிக்கிறது, இது செந்தூர்வேலின் கம்ப்யூட்டர்தானா என்று ரம்யாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நாற்காலி அவருடையதுதான், அதன் முதுகில் கிடக்கும் துண்டும் அவள் காலையில் மடித்துக் கொடுத்ததுதான். தன்னுடைய கம்ப்யூட்டர் அப்டேட் என்று சுற்றிக்கொண்டே நிற்க, உள்ளே வந்த லாரிகளின் பட்டியலை ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் புருஷன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கேட்டில் ஸ்கேனர் ஓடவில்லை என்று வெயிலில் போயிருக்கிறார். துறைமுகச் சாலையில் இருக்கும் இந்தக் கன்டெய்னர் யார்டுக்கு இரண்டு பேரும் வேலைக்கு வந்த நாளிலிருந்து நேற்றுவரை அவர் கட்டளை அடிக்கும் டெர்மினல் திரை கறுப்பு, எழுத்து வெள்ளை, வேறொரு கலர் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கேட்டபோதுகூட வெள்ளையே அடிச்சிருவோம் என்றவர், கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு உனக்குப் பிடிச்சத எடு ரம்யா என்றவர்... அவருக்கு ஊதா பிடிக்குமா, எப்போதிருந்து?

யார் செய்தது என்று கேட்கவே வேண்டாம், ஷெர்லின்தான். போன மாதம் சேர்ந்தவள், எதிர் வரிசையில் இருக்கிறாள், அவளுடைய கலர்கலரான டெர்மினலைப் பார்க்க டெலிவரி செக்‌ஷனிலிருந்தெல்லாம் ஆள் வந்துபோனார்கள், திருவிழாப் பந்தல் மாதிரி என்று ரம்யாவும் சிரித்துத்தான் வைத்தாள். திங்கட்கிழமை மத்தியானம் தான் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது ஷெர்லின் இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றது, செந்தூர்வேல் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தது, தான் வந்ததும் சிரிப்பு நின்றது... நின்றதா, இல்லை முடிந்துபோயிருந்ததா? அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், கூப்பிடட்டும், அதனால் என்ன. முந்தாநாள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே, ஊதாவும் பச்சையும் சேந்தா நல்லாத்தான இருக்கும் ஏளா என்று கேட்டாரே, வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப் போகிறார் என்று நினைத்து, எந்தத் துணியில் என்று கேட்டோமே, சும்மாதான் கேட்டேன் என்று மழுப்பிவிட்டாரே, ஷெர்லின் கேட்ட கேள்வியை வீட்டில் வந்து என்னிடம் கேட்டிருக்கிறார், ரசத்தை ஊற்றிக்கொண்டு நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கலரெல்லாம் எழுதி வைத்திருக்கிற ஃபைல் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், திறந்தாள். மேலே கலர்களுக்கான வரிகள், மீன், சரி, அதற்குக் கீழே அலியாஸ்கள், நீளமான கட்டளையைச் சின்னச் சொல்லாகச் சுருக்கிக்கொள்ள எல்லோரும் போட்டுக்கொள்வதுதானே என்று படிக்க ஆரம்பித்தவளின் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. சுருக்கம் இல்லை. claer என்று அடித்தால் clear என்று எடுத்துக்கொள். gerp என்றால், தேடச் சொல்லும் grep. exti என்றால் exit. எல்லாம் அவருடைய பிழைகள். செந்தூர்வேலின் இடதுகை வலதுகையைவிட அவசரக்காரக் கை, எழுத்து முன்பின்னாகத்தான் விழும், அது ரம்யாவுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும், பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு கீபோர்டில் சாவி விழும் சத்தத்தை வைத்தே, e முதல்ல, எத்தன தடவ சொல்லுதது என்று திருத்துகிறவள் அவள்தானே. அவளுக்கு மட்டுமே தெரிந்ததை இன்னொருத்தி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறாள், பிழையும் சரிதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு புடவை வாங்கிக் கொடுத்திருந்தால், கையைப் பிடித்திருந்தால்கூட சண்டை போடலாம், இதை வைத்து என்னவென்று சண்டை போடுவது? ஷெர்லின் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ வேலையில் இருந்தாள். ரம்யா மீனிலிருந்து கடைசி அலியாஸ் வரை எல்லாவற்றையும் அழித்தாள், சேமித்தாள், டெர்மினல் ஜன்னலை மூடிப் புதிதாகத் திறந்தாள். கறுப்பு, வெள்ளை. எழுந்து தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

செந்தூர்வேல் சட்டை முதுகோடு ஒட்ட ஓடி வந்தார், காதில் போன், அதிலிருந்து கேட் சூப்பர்வைசர் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் குரல், ரோடு வரைக்கும் வண்டி நிக்கி தம்பி, டிரைவர்லாம் இறங்கி வாராம்லா என்று இங்கே வரை கேட்கிறது. இந்தா அண்ணாச்சி, இந்தா என்று உட்கார்ந்து, கேட்டைத் திறக்கும் கட்டளையை அடிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை. மறுபடி அடித்தார், இல்லை என்றது. அப்போதுதான் கலர் போயிருப்பதைக் கவனித்திருப்பார் போல, விரல் அந்தரத்தில் நின்றது, வெளியே லாரிகளின் ஹாரன், அவர் தலையைத் திருப்பினார். ஷெர்லின் பக்கம் திரும்புவார் என்று ரம்யா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் ரம்யாவைப் பார்த்தார். தப்பாக அடித்ததைப் பார்த்துவிட்டாளா என்று பார்க்கிற பார்வை, பரீட்சை ஹாலில் சார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்போமே அது மாதிரி. அவள் அப்டேட் சுற்றிக்கொண்டிருந்த தன் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால், சின்னப்பிள்ளை மாதிரி அடித்து முடித்தார். கேட் திறந்துகொண்டது. எதையோ நானே அழிச்சிட்டேம் போல என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஸ்கேனரைப் பார்க்க மறுபடி வெளியே போனார்.

ஷெர்லின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். “அய்யோ, எல்லாம் போச்சே. அக்கா, இங்கன யாரும் உக்காந்தாவளா?” ரம்யா, “தெரியலயே” என்றாள். பொய் எவ்வளவு லேசாக வருகிறது. “கலர் அவங்க கேக்கல க்கா, அது நான் சும்மா போட்டது, வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்னாங்க, அப்புறம் நல்லாருக்கு போடுன்னாங்க. அந்த அலியாஸ்தான் அண்ணன் கேட்டது. அவங்களே சொல்லச் சொல்ல நான் அடிச்சேன்.” தயங்கினாள், பிறகு சிரித்துக்கொண்டே, “ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. ரம்யா பக்கத்துல இருந்தா பயத்துலயே கை தப்பா போவுது, இப்படி வச்சிட்டா அவளுக்குத் தெரியாதுல்லான்னு சொன்னாங்க... வெளயாட்டுக்குத்தான் க்கா.” ரம்யாவும் சிரித்தாள், சிரிக்கத்தானே வேண்டும். அவர் சொல்லச் சொல்ல. அப்படியென்றால் அவள் பார்த்துப் பொறுக்கவில்லை, அவரே தன் பிழைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார், யார் சொல்லிச் சொல்லி மனப்பாடமானது அது? திங்கட்கிழமை சிரிப்பு தன்னைப் பற்றித்தானோ, தன்னைப் பற்றி அவர் சிரிப்பாரா, சிரித்தால்கூடப் பரவாயில்லையே, பயம் என்றல்லவா சொல்லியிருக்கிறார்... திரும்ப எழுதி வைத்துவிடலாம், கடைசி எழுத்துவரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதினால் தான்தான் அழித்தது என்று தெரிந்துபோகும். தெரிந்தால் என்ன செய்வார், திட்டுவாரா, அவர் இதுவரை தன்னைத் திட்டியிருக்கிறாரா?

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார், “எல்லாம் சரியாயிட்டு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஷெர்லின், “அண்ணே, திரும்பப் போட்டுத் தரட்டா?” என்றதற்கு, “அப்புறம் பாப்போம்மா” என்றார், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அடிக்க ஆரம்பித்தார். ரம்யா தன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் காது அங்கே போய்விட்டது, டக், டக், எழுத்து மாறி விழுந்தது அவளுக்குக் கேட்டுவிட்டது, e முதல்ல என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் சாவிச் சத்தம் நின்றுவிட்டது. அவர் திருத்தவும் இல்லை, மேலே அடிக்கவும் இல்லை, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார், அவள் சொல்லாமல் எவ்வளவு நேரம் இருந்தால் அந்தக் கை தானாகக் கீழே இறங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.