மீஞ்சூரில் இருக்கும் பாதி

1
பொறாமையில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். என் மனைவி ஜானட் எண்ணூர்ப் பக்கம் ஒரு தாதுப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர். பாறை ஆய்வுக்காக லடாக் போய், ஒரு கல்லோடு ராயபுரம் திரும்பினாள். அதிலும் பாதிதான். மறுபாதி, கூடப் போயிருந்த மீஞ்சூர்க் கூடத்து நிலவனிடம்.

2
முதல் தொடக்கம்: "நிலவன் பனிச்சரிவில் சிக்கி..." (முதல் வரியிலேயே ஆளைக் கொன்றால் கதை நகராது. அடித்துவிட்டேன்.)

அடுத்தது: "அந்தக் கல் மரகதம்போல மின்னியது." (பொய். வெளியே துருப் பழுப்பு. அறுத்த முகத்தில்தான் மங்கலான பச்சை.)

3
கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லில் பெரும்பகுதி ஆலிவின், பைராக்சின் என்னும் கனிமங்கள். மக்னீசியமும் இரும்பும் மிகுதி, சிலிக்கா குறைவு. கடலடித் தரைக்கும் கீழே கிடந்து, நிலத்தட்டுகள் மோதியதில் மலைமேல் ஏறிவிட்டது. சூட்டில் உருகிய பகுதி எரிமலைக் குழம்பாக மேலே போய்விட, உருகாமல் தங்கிய மிச்சம் இது.

இதைச் சொல்லும்போது ஜானட்டின் முகம் அப்படி மலர்ந்தது. என் கதைகளைப் படிக்கையில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

4
நேற்று இதுவரை எழுதியதைப் படித்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? ஆளுக்குப் பாதி கல்லுன்னா லவ்வா?"

"பின்ன எதுக்காம்?"

"எங்க வேலைல எந்தக் கல்லயும் ரெண்டாத்தான் அறுப்போம். ஒண்ண அரைச்சு டெஸ்ட் பண்ணுவோம். இன்னொண்ண சீல் வச்சு வேற ஆளாண்ட குடுத்துருவோம். ரிசல்ட்டுல சண்டை வந்தா அத்தப் பிரிச்சுப் பாப்போம். என் பாதிய திங்கக்கெழம அரைக்கப் போறேன்."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"சீலுக்குள்ள வேற இன்னா கீதோ, யாரு கண்டா?"

ஜானட் நான் எழுதிய தாள்களை மடித்து என் கையில் திணித்தாள்.

"போ. பிரிச்சுப் பாத்துக்க. நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லு, குடுப்பான். ஆனா நீ திரும்பி வர்சொல்ல நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்."

5
ஒரு முடிவு: போகிறேன். சீலை உடைக்கிறேன். உள்ளே வெறும் கல். வீட்டுக்கு வந்தால்...

இன்னொன்று: போகவில்லை. பல் போன வயதிலும் ஒவ்வொரு முறை அவள் சிரிக்கும்போது, அந்தச் சீலுக்குள்...

(இரண்டையும் முடிக்க வரவில்லை.)

காலையாகிவிட்டது. ஜானட் உள்ளே தோசை ஊற்றுகிறாள். எனக்கும் சேர்த்தா என்று கேட்கத் தைரியமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். மீஞ்சூர் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

ஏன் என்னையே பார்க்கிறீர்கள்? நீங்களாக இருந்தால் அந்தச் சீலை விட்டுவைப்பீர்களா?