மீன் தரையில் உப்பு

டாக்டர் ரீம் தரையைத் தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு" என்றாள். பக்கத்தில் நின்ற காவலாளி மப்ரூக் மெல்ல ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

துனிசியக் கடற்கரையில் இடிந்து கிடக்கும் அந்த ரோமானியப் பட்டணத்தில் உருப்படியாக மிஞ்சியது அந்தத் தரை ஒன்றுதான். பொடிப்பொடி வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த மீன்கள். புழுதி படிந்தால் மீன் எது, தரை எது என்று தெரியாது. தண்ணீர் ஊற்றினால் போதும், சிவப்பும் நீலமுமாகத் துள்ளிக்கொண்டு வரும். பார்க்க வந்தவர்கள் "ஆ!" என்பார்கள். அந்த ஒரு "ஆ"வுக்காக இருபத்திரண்டு வருஷமாகக் கடலில் வாளியை முக்கி ஊற்றியவன் மப்ரூக்.

அவன் காவல் பக்கத்தில் மொட்டைத் தூண்களைத் தவிர ஒன்றும் கிடையாது. மீன் தரை இன்னொரு காவலாளி தாஹரின் பக்கம். தாஹர் மதியத் தொழுகைக்குப் போகும் நேரம் பார்த்து, அவன் பாதுகாப்புக்குப் பரப்பி வைத்த மணலை ஒதுக்கிவிட்டு, மப்ரூக் பார்க்க வந்தவர்களைக் கூட்டிவருவான். கற்கள் கழன்று வருவதையும் பார்த்தான். பார்த்தும், கட்டைவிரலால் அமுக்கி வைத்துவிட்டு நகர்ந்தான். செய்கிற காரியமா இது!

தலைநகரிலிருந்து சோதிக்க வந்திருந்த ரீம் ஒரு கல்லைத் தொட்டாள். விழப்போகிற பல்லாக ஆடியது.

"யாரோ கடல் தண்ணிய ஊத்திருக்காங்க. உப்பு உள்ள எறங்கி கல்லையெல்லாம் தூக்கிடுச்சு. இங்க யாருங்க காவல்?"

"தாஹர்."

கேட்டதற்குப் பதில்தானே சொன்னேன் என்று மப்ரூக் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். ரீம் எழுதிக்கொண்டாள். அந்தத் தாள் மேலே போனால் தாஹரின் வேலை போய்விடும்.

சேதி தெரிந்து தாஹர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அநியாயமா இருக்கே, டாக்டரம்மா! மணலைப் போட்டு மூடி வெச்சவனே நான்தான். இந்த மொட்டைத்தூண் ராஜாவையே கேளுங்க. டேய் மப்ரூக், நான் ஒரு சொட்டு ஊத்திப் பாத்திருக்கியாடா?"

"இல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா? இவன் என்னை மாதிரி இல்ல, சத்தியவான்!"

திட்டியிருந்தால்கூட மப்ரூக் தாங்கியிருப்பான். இந்தப் பாராட்டு நெஞ்சை அறுத்தது. கூனிக் குறுகிப்போனான்.

"நான்தான் ஊத்தினேன், டாக்டரம்மா."

தாஹர் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். ரீம் பேனாவை நிறுத்தினாள்.

"நல்ல தண்ணி ஊத்தியிருந்தாக்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காதே. எதுக்கு கடல் தண்ணி?"

"கடல் மீனாச்சே... கடல் தண்ணிதானே அதுங்களுக்குப் பிடிக்கும்னு..." என்று இழுத்தான்.

ரீமின் முகம் இளகிவிட்டது. "தெரியாம செஞ்சிட்டீங்க" என்று பேனாவை மூடினாள். தாஹர் எழுந்து வந்தான். "பைத்தியக்காரா, ஆசையில கெடுத்திட்டியேடா!" என்று அவன் தோளில் கை போட்டான். தாஹரின் கண் கலங்கியிருந்தது.

தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கையின் கனத்தை மப்ரூக்கால் தாங்க முடியவில்லை.

"அதெல்லாம் சும்மா சொன்னேன், தாஹர். நல்ல தண்ணிக் குழாய் அங்க வாசல்கிட்ட இருக்கு. அவ்வளவு தூரம் நடக்க சோம்பல்."

தாஹர் கையை எடுத்துக்கொண்டான்.